பின்சீட்டில் ஏறாத மூட்டைகள்

கடைத்தெருவில் அவரை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டயர் கடை வைத்திருப்பவர். மற்ற கடைகளில் சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து, இந்தக் காருக்கு இந்த டயர் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவருக்கு அட்டவணையில் நம்பிக்கை கிடையாது. ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். வண்டிக்காரர் டீ குடித்து, பேப்பர் படித்து, பக்கத்துக் கடைக்காரரோடு ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்தாலும், இவருடைய கால்கள் மட்டும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அளந்து முடித்தாலும் விடமாட்டார். கடை மூலையில் மூன்று மணல் மூட்டைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. டயரை மாட்டியதும் மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸை அழுத்தித் தேய்ப்பார். ஒரு மூட்டையை முன்சீட்டிலும் இரண்டைப் பின்சீட்டிலும் ஏற்றிக்கொண்டு, பின்தெருவில் வரிசையாக இருக்கும் நான்கு வேகத்தடைகளின் மேலும் ஓட்டிவிட்டு வருவார். டயரில் வெள்ளை ஒட்டியிருந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் டயரைக் கழற்றிவிடுவார். வண்டிக்காரர் தலைகீழாக நின்றாலும் மாட்டித் தரமாட்டார்.

முன்சீட்டு மூட்டைக்குச் சம்சாரம் என்று பெயர் வைத்திருந்தார். பின்சீட்டு மூட்டைகள் மாமனாரும் மாமியாரும். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர், இப்படியாவது குடும்பத்தோடு ஊர் சுற்றட்டும் என்று கடைத்தெரு சிரிக்கும். அவரும் கூடச் சிரிப்பார். "சம்சாரத்தைச் சமாளிச்சிடலாம்ங்க. மாமனார் மாமியார் ஏறினாத்தான் வண்டியோட லட்சணம் தெரியும்" என்பார். அவருடைய தங்கை மகள், ஆறு வயதுக்காரி, கடைக்கு வரும்போதெல்லாம் அந்த மூட்டைகளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "மாமா, தாத்தா பாட்டிக்கு பெல்ட் போட்டியா?" என்று கேட்பாள். அவள் கேட்க ஆரம்பித்த பிறகு மூட்டைகளுக்கு பெல்ட் போடுவதும் வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கத்தை அவர் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை மீறினார். சொந்தத் தங்கை வீட்டுக் காருக்கு.

தங்கையின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். பதினைந்து வருடம் மற்றவர்களின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, திடீரென்று ஒரு நாள் கார் ஆசை பிடித்தது. இரண்டு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். வாங்கியதோடு நின்றாரா என்றால் இல்லை. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு இன்ச் இறக்கினார். பிறகு பதினெட்டு இன்ச்சில், ஒன்பதரை இன்ச் அகலத்தில் நான்கு அலாய் வீல்களை எங்கிருந்தோ தருவித்தார். அந்தக் காரோடு வந்ததோ ஏழரை இன்ச் வீல். புது வீல்களை முன்சீட்டிலும் டிக்கியிலும் திணித்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை காலை மச்சான் கடைக்கு வந்து சேர்ந்தார். வாசல் சரிவில் ஏறும்போதே காரின் வயிறு தரையில் உரசியது.

"என்ன மாப்பிள்ளை, இது காரா இஸ்திரிப் பெட்டியா? ரோட்டையே தேய்ச்சுக்கிட்டு வர்றீங்க."

மாப்பிள்ளை சிரித்தார். அவருக்கு அன்று எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

மில்லிமீட்டர் முக்கால் மணி நேரம் அடியில் படுத்து அளந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒன்பதரை இன்ச் ரிம்முக்கு இருநூத்தி நாப்பத்தஞ்சு மில்லி அகல டயர்தான் சரி. பக்க உயரம் அதுல முப்பத்தஞ்சு சதவீதம் போட்டா, பழைய சக்கரத்துக்கும் இதுக்கும் மொத்த உயரத்துல நாலு மில்லிதான் வித்தியாசம். அது வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. ஆனா வண்டி இவ்வளவு இறங்கி நிக்குது. ரிம் வேற வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது. கனம் ஏறினா டயரோட தோள், அதான் அந்த மேல் ஓரம், மட்கார்டு விளிம்புல போய் உரசும்."

"அப்ப இருநூத்திப் பதினஞ்சு போடுங்க மச்சான். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. டயர் உள்ள இழுத்துக்கிட்டு, ரிம் வெளிய பளபளன்னு தெரியும்."

"எல்லாரும் போடுறாங்க. சின்னப் பையன் சட்டையைப் பெரிய ஆளுக்கு மாட்டினா பட்டன் எப்பத் தெறிக்கும்னு எவன் கண்டான்? வேகத்துல ஒரு குழியில விழுந்தா டயர் ரிம்மை விட்டே கழண்டுடும். என் கையால அதைப் போட மாட்டேன்."

"வேற என்னதான் வழி?"

"வண்டியை ரெண்டு விரல் தூக்கிடலாம்."

"இறக்கினதே அழகுக்குத்தானே மச்சான்."

"இல்லேன்னா அந்த விளிம்பை உள்ளே மடிச்சுடலாம்."

"பெயிண்ட் வெடிச்சுடும். அது கம்பெனி பெயிண்ட்."

அரை மணி நேரம் இப்படியே போனது. மாப்பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை. பிடித்த பிடியையும் விடவில்லை. குரலை உயர்த்துகிறவரையாவது பதிலுக்கு அதட்டி வழிக்குக் கொண்டுவரலாம், இவரை என்ன செய்வது. கடைசியில் மிகவும் பணிவாகச் சொன்னார். "உங்களுக்கு எதுக்குச் சிரமம் மச்சான். பைபாஸ்ல இருக்கிற கடையில இருநூத்திப் பதினஞ்சு இன்னைக்கே போட்டுத் தர்றேன்னாங்க. அங்கயே போட்டுக்கறேன்."

மில்லிமீட்டருக்குச் சுருக்கென்றது. காலையில்தான் தங்கை போன் செய்திருந்தாள். "அண்ணா, அவர்கிட்ட வம்பு பண்ணாதே. அந்த மனுஷன் இதுவரைக்கும் தனக்குன்னு எதுவும் கேட்டதே இல்ல" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தாள். இப்போது விட்டால் இவர் பைபாஸ் கடைக்குப் போய் அந்தச் சின்ன டயரை இழுத்து மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"பின்னாடி ஆள் ஏறுவாங்களா?" என்று கேட்டார்.

"அது ஒரு சீட்டா மச்சான்? பை வைக்கிற இடம்."

"சரி, இருநூத்தி நாப்பத்தஞ்சையே போடறேன். போய் டீ குடிச்சுட்டு வாங்க."

மாப்பிள்ளை எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். வீல்களையெல்லாம் இறக்கி, டயர் ஏற்றி, காற்றடித்து, நான்கையும் மாட்டினார் மில்லிமீட்டர். சாக்பீஸைத் தேய்த்தார். மூட்டைகளை ஏற்றுவதற்காகக் கதவைத் திறந்து முன்சீட்டை மடக்கினார். பின்சீட்டில் ஒரு குட்டி சீட் இருந்தது. நீல நிறம். கைப்பிடி முழுவதும் மீன் ஸ்டிக்கர்கள். அந்த ஸ்டிக்கர்களை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

அதை வெளியே எடுத்துக் கடைத் தரையில் வைத்தார். மாமனார் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கதவு வரை வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

மூட்டை ஏறினால் என்ன ஆகும் என்று அவருக்கு மூட்டையை ஏற்றாமலே தெரியும். முப்பது வருடம் இதே வேலை. டயரில் வெள்ளைக் கோடு விழும். கோட்டைப் பார்த்துவிட்டால் டயரைக் கழற்றாமல் இருக்க அவரால் முடியாது. மறுபடியும் வாக்குவாதம், மறுபடியும் பைபாஸ் கடை, தங்கையின் முகம். மூட்டையைக் கீழே வைத்தார். பிள்ளை என்ன, இருபது கிலோ இருப்பாளா, அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு பொட்டு வெள்ளைக்காக ஊரிலுள்ள பெரிய மனிதர்களையெல்லாம் பகைத்துக்கொண்டவர்தான் அப்படிச் சொல்லிக்கொண்டார்.

சம்சாரத்தை மட்டும் முன்சீட்டில் ஏற்றி, பெல்ட் போட்டு, நான்கு வேகத்தடைகளிலும் ஓட்டிவிட்டு வந்தார். டயரில் வெள்ளை இல்லை. விளிம்புக்கும் டயருக்கும் நடுவே ஒரு நகத்தின் கனம் இடம் இருந்தது. குட்டி சீட்டை மறுபடியும் பின்சீட்டில் வைத்து, அது அசையாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"பின்னாடி கனம் ஏத்தாதீங்க மாப்பிள்ளை" என்றார்.

"சரிங்க மச்சான்" என்றார் அவர். இரண்டு பேரும் அந்தக் குட்டி சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார் மாப்பிள்ளை. வகுப்பு முடிந்ததும் பூங்காவில் ஓட்டுவதற்காக அவளுடைய சைக்கிளும் டிக்கியில் இருந்தது. புறவழிச் சாலை வளைவில் பின்பக்க வலது டயர் வெடித்தது. கார் சுழன்று, சிறுபாலத்தின் சுவரில் பின்பக்கமாகப் போய் மோதியது. மாப்பிள்ளைக்குத் தொடை எலும்பும் தோள்பட்டையும் முறிந்தன. பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

ஒன்பது நாள் மில்லிமீட்டர் கடையைத் திறக்கவில்லை. தங்கை வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார்.  பத்தாம் நாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். பின்கட்டில், பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே அந்தக் கார் நின்றது.

"பார்த்துக்கிட்டுப் போங்க. அதுல பார்க்க என்ன இருக்கு" என்றார் காவலுக்கு இருந்த போலீஸ்காரர்.

வழக்கம்போல மில்லிமீட்டர் தரையில் படுத்தார். வெடித்த டயர் கிழிந்து தொங்கியது. கிழியாத பகுதியில் தோளை ஒட்டி, கத்தி வைத்துக் கீறியது போல ஒரு கோடு சுற்றிலும் ஓடியிருந்தது. கோட்டுக்குள் டயரின் உள்நூல் தெரிந்தது. மேலே கையை விட்டு மட்கார்டின் விளிம்பைத் தடவினார். பெயிண்ட் போய், தகரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. இது ஒரு நாளில் நடந்தது இல்லை. பிள்ளை ஏறிய ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது.

"வேகம் சார்" என்றார் போலீஸ்காரர். "ஓட்டினவரே ஒத்துக்கிட்டார். நூத்திருபதுல போனேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்."

மில்லிமீட்டர் இன்னொரு தடவை அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பு முறிவு வார்டில் கடைசிக் கட்டில். மாப்பிள்ளையின் காலை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி இல்லாத அவருடைய முகம் யாரோ ஒருவரின் முகம் போல இருந்தது. தங்கை அந்த வார்டுப் பக்கமே வந்ததில்லை.

"எவ்வளவு வேகத்துல போனீங்க மாப்பிள்ளை?"

"அறுபது."

"அப்புறம் எதுக்கு அப்படி எழுதிக் கொடுத்தீங்க?"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூணு வாரமா சத்தம் கேட்டுது மச்சான். ஒவ்வொரு வேகத்தடையிலயும் கர்ர்னு. பாப்பா கூட கேட்டா, அப்பா கார் ஏன் உறுமுதுன்னு. அது புலின்னு சொன்னேன். அதுக்கப்புறம் வேகத்தடை வந்தா அவளும் சேர்ந்து உறுமுவா. உங்ககிட்ட கொண்டுவந்தா டயரைக் கழட்டிடுவீங்கன்னு தெரியும். அதனால கொண்டுவரல."

மில்லிமீட்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் அன்னைக்கு ஒழுங்கா மூட்டை..."

"தெரியும். டீக்கடையிலேர்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். தோள்ல தூக்கிட்டு வந்து கீழ வெச்சுட்டீங்க. எனக்கு அப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா."

பக்கத்துக் கட்டில்காரர் தண்ணீர் கேட்டார். மில்லிமீட்டர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "என்னை அவ இனிமே ஏறெடுத்துப் பார்க்க மாட்டா. அது முடிஞ்சு போச்சு. அவளுக்குன்னு நீங்க ஒருத்தராவது மிச்சம் இருக்கணும். வேகமா போனேன்னே இருக்கட்டும்."

படியிறங்கும்போது மில்லிமீட்டருக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை, மறைத்து என்ன பயன். கடை இருக்கும், பெயர் இருக்கும், தங்கை இருப்பாள். மூன்று மாடி இறங்குவதற்குள் இத்தனையையும் கணக்குப் போட்டுவிட்டது மனசு. கடைசிப் படியில் அந்த நிம்மதி அவருக்கே அருவருப்பாக இருந்தது. அங்கிருந்து தங்கை வீட்டுக்கு நடந்தார்.

தங்கை சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. காரில் இருந்த சாமான்களைப் போலீஸ்காரர்கள் காலையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நீச்சல் உடை, ஒரு தண்ணீர் பாட்டில், அந்த நீலக் குட்டி சீட். ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. மீன்கள் அப்படியே இருந்தன.

"இதை எங்கயாவது கொண்டுபோய்டு அண்ணா. என்னால பார்க்க முடியல."

மில்லிமீட்டர் குனிந்து அதைக் கையில் எடுத்தார்.

"அந்தப் போலீஸ்காரர் சொல்றார், டயர் வெடிச்சுதாம்" என்றாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "நான் சொன்னேன், சார், அது எங்க அண்ணன் போட்ட டயர், அது தானா வெடிக்காது. எங்க அண்ணன் மூட்டை ஏத்திப் பார்க்காம ஒரு வண்டியையும் வெளிய விட்டது கிடையாது. அந்த ஆள் ஓட்டின ஓட்டத்துலதான் வெடிச்சிருக்கும்னு சொன்னேன். எழுதிக்கச் சொன்னேன். எம்பொண்ணைக் கொன்னுட்டு அங்க படுத்துக் கிடக்கறாரே, அவரை இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டேன் அண்ணா."

மில்லிமீட்டர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இப்படியே திரும்பி வெளியே நடந்துவிடலாம். அவளே போகச் சொல்லிவிட்டாள். கதவுக்கு எட்டு அடிகூட இருக்காது.

"அவர் அறுபதுலதாம்மா போயிருக்கார்."

"நீயும் அவருக்கு வக்காலத்தா?"

"இந்த சீட்டை நான் இதுக்கு முன்னாடியும் தூக்கியிருக்கேன்" என்றார். "டயர் மாட்டின அன்னைக்கு. பின்னாடி இருந்து வெளிய எடுத்து வெச்சதும் நான்தான். திரும்ப உள்ள வெச்சதும் நான்தான்."

தங்கை தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு மெதுவாகப் பிடிபட்டது. சின்ன வயதிலிருந்து அவருடைய வேலையைப் பார்த்து வளர்ந்தவள். அந்தக் கடையில் எது எதற்குப் பிறகு நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம்.

"மாமனார் மாமியாரை ஏத்தினியா?"

கடைத்தெரு முழுக்கச் சிரித்த கேள்வி அது. அவளும் நூறு தடவை சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"மாமனாரைத் தூக்கினேன்" என்றார். "கதவு வரைக்கும் கொண்டுவந்துட்டு, கீழ வெச்சுட்டேன்."

"ஏன்?"

"ஏத்தினா இடிக்கும்னு தெரியும்."

 அவர் தொடர்ந்து பேசினார். டயர் தோளில் இருந்த கோட்டைப் பற்றி, தேய்ந்துபோன தகரத்தைப் பற்றி, இங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போவதைப் பற்றி. புலியைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஆள். பேசி முடித்த பிறகும் சீட் அவர் கையிலேயே இருந்தது.

"அதைக் கீழ வை" என்றாள் தங்கை. "நீ அதைத் தொடாதே."

வைத்தார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சீட்டை எடுத்து உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையின் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தாள். பத்து நாளாக ஒருவரிடமும் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டாள்.

"அவர் எந்த வார்டு?"

"மூணாவது மாடி. எலும்பு வார்டு. கடைசிக் கட்டில்."

செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டுவதற்காக வாசலில் நின்றாள். அவர் வெளியே வரும்வரை காத்திருந்தாள். பூட்டினாள். சாவியை எப்போதும் அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவாள். அன்று இடுப்பில் செருகிக்கொண்டு, கூட வா என்று சொல்லாமல் நடந்தாள்.